அமலா டீச்சர் வீட்டு ஏசியின் வயது

எண்பத்தொன்பதில், தை பிறந்து மூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும். பென்னாகரம் ரோட்டில் உள்ள என் கடையில் ஒரு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கோவிந்தன் சைக்கிளை விட்டு இறங்காமலே, “மாது, அமலா டீச்சர் போயிட்டாங்கப்பா. பால்காரம்மா கதவத் தட்டியிருக்குது, தொறக்கல. தூக்கத்துலயே நெஞ்சு நின்னுபோச்சாம்” என்றார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. “மெஷின் ஓடுச்சா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “தை மாசக் குளுருல எவன்பா ஏசி போடுவான்?”

உண்மைதான். அவர் இறந்ததற்கும் மெஷினுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்பேனரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பள்ளியின் நினைவு மலருக்கு எழுதக் கேட்டார்கள். உட்கார்ந்த இந்த நேரத்துக்குள் நான்கு தடவை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன். அவர் கணக்குப் பாடம் நடத்திய அழகை மற்ற ஆசிரியைகள் எழுதுவார்கள். நான் அவருக்கு ஏசி விற்றவன். நான் எழுதினால் என் யோக்கியதையும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும்.

அமலோற்பவ மேரி என்பது முழுப்பெயர். கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். தருமபுரியில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக வந்து, ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். இருபத்தெட்டு வயதில் ஸ்டவ் வெடித்து முதுகு, கழுத்து, இரண்டு கைகள் எல்லாம் வெந்துபோயின. புண் ஆறிவிட்டது. ஆறிய தோலில் வியர்வை மட்டும் வரவில்லை. வியர்க்காத உடம்புக்குள் சூடு தங்கிவிடும், கோடையில் குளிர்ந்த அறையில் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று பெரிய டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இது தெருவில் யாருக்கும் தெரியாது. அப்போது எங்கள் ஊரில் ஏசி வைத்திருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். “டீச்சரம்மாவுக்கு வந்த வாழ்வப் பாரு” என்று தெருவே கிண்டல் செய்தது. அவர் முழுக்கை ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பார். ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை.

எண்பத்தொன்றில் அவருக்கு அந்த மெஷினைக் கொண்டுவந்தது நான். பெங்களூரில் மூடிப்போன ஓர் ஆபீஸில் ஏலத்துக்கு வந்த ஜன்னல் ஏசி.

“எத்தன வருஷம் ஓடினது?” என்று கேட்டார்.

“மூணு வருஷம்ங்க.”

“நல்லபடியா பாத்துகிட்டா மொத்தம் எத்தன வருஷம் தாங்கும்?”

“பத்து வருஷத்துக்குக் கொறையாதுங்க.”

“அப்ப இன்னும் ஏழு இருக்குது. அதுக்குள்ள புதுசுக்கு வழி பண்ணிடுவேன்” என்றார். கணக்கு டீச்சர் அல்லவா, அங்கேயே கழித்துவிட்டார்.

உண்மையில் அந்த மெஷின் அதற்குள் ஓடியிருந்தது எட்டு வருஷம். வருஷம் பொறித்திருந்த தகட்டைக் கடையிலேயே கழற்றிவிட்டு, வாய் கூசாமல் மூன்று என்றேன். பழைய சாமான் வியாபாரத்தில் எல்லோரும் செய்வதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தோலைப் பற்றி அப்போது எனக்கும் தெரியாது. மாட்டி முடித்த பிறகுதான், எதற்காக வாங்கினார் என்பதை என்னிடம் மட்டும் சொன்னார். அன்றைக்கே நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் நாள் மாலை மெஷினைப் போட்டதும் தெருவில் எல்லா வீட்டு பல்பும் மங்கிப்போனது. அந்தத் தெருவின் கரண்ட் அவ்வளவுதான். எதிர்வீட்டு முனியம்மா நேராக வந்துவிட்டார்.

“ஏங்க டீச்சர், பசங்க பரீச்சைக்குப் படிக்குதுங்க. நீங்க மிசினப் போட்டதும் எங்கூட்ல புஸ்தகத்துல எழுத்தே தெரியலீங்க.”

மறுநாளிலிருந்து டீச்சர் மாலை ஆறரைக்கு மெஷினை நிறுத்தி, எட்டரைக்குத்தான் போடுவார். அந்த இரண்டு மணி நேரமும் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்டெபிலைசர் ஒன்று வைத்துவிடலாம் என்றேன்.

“அது என் மெஷினத்தான் காப்பாத்தும் மாது. அவங்க பல்ப இன்னும் மங்க வைக்கும். நானும் பிசிக்ஸ் படிச்சவதான்” என்றார்.

எட்டரைக்கு பல்புகள் ஒருமுறை மங்கினால், படித்தது போதும், சாப்பிட வா என்று அம்மாக்கள் கூப்பிடுவது அந்தத் தெருவில் வழக்கமாகிப்போனது.

ஒவ்வொரு மாசியிலும் நான் சர்வீஸுக்குப் போவேன். ஃபில்டரை அலசி, பின்பக்கத்துத் தூசியை எடுத்து, மெஷினைப் போட்டதும் அவர் சுவரில் தெர்மாமீட்டரை மாட்டி, மணி பார்த்துக்கொண்டு உட்காருவார். அறை குளிர எத்தனை நிமிஷம் ஆனது என்று காலண்டரில் எழுதுவார். முதல் வருஷம் இருபது நிமிஷம். அப்புறம் இருபத்தைந்து. நான்காம் முறை முப்பத்தைந்து.

“எட்டாவது வருஷத்துலயே இது ஏன் இப்படித் திணறுது?” என்பார். தூசி என்பேன், வோல்டேஜ் என்பேன், கேஸ் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பேன். அந்த வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கேஸ் போட்டேன். ‘மாற்றிவிடுங்கள் டீச்சர்’ என்ற சொல் தொண்டை வரை வரும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் தகட்டைக் கழற்றிய கதை வந்துவிடும். அதனால் கூப்பிடாமலே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனி பிறந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். தெருவழியாகப் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன்.

எண்பத்தைந்தில், மே மாதம் ஒரு மத்தியானம், சத்தம் நின்றது. முனியம்மாவின் பெண் ஓடிவந்து சொன்னாள். நான் போனபோது டீச்சர் சிமெண்டுத் தரையில் ஈரப்போர்வையின் மேல் கிடந்தார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. ரவிக்கைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள். அந்தத் தழும்புகளை அக்கம்பக்கத்துப் பெண்கள் அன்றுதான் பார்த்தார்கள். முனியம்மா சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை உடைத்து உடைத்து அவர் கழுத்தில் வைத்துக்கொண்டே அழுதார். “இந்த ஒடம்ப வெச்சுகிட்டா எங்க பசங்களுக்காக வெக்கையில ஒக்காந்திருந்தீங்க?”

மெஷினைத் திறந்து பார்த்தேன். கம்ப்ரஸர் இறுகிப்போயிருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. கடைக்கு ஓடி, ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு மில் முதலாளி வீட்டு ஏசியை, அவரைக் கேட்காமலே வண்டியில் ஏற்றிவந்து மாட்டினேன். அறை குளிர்ந்தது. டீச்சர் எழுந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் போன பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

“நான் விக்கும்போது அது எட்டு வருஷம் ஓடின மெஷினுங்க. மூணுன்னு பொய் சொன்னேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

“அப்ப இது பதிமூணாவது வருஷம். நெசம் தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷம் முன்னயே மாத்தியிருப்பேன். என் கணக்கு தப்பில்ல மாது. நீங்க குடுத்த நம்பர்தான் தப்பு.”

அவ்வளவுதான். இன்று வரை எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த மாதம் புது மெஷின் வாங்கினார். பெட்டியைப் பிரித்ததும் கறுப்பு பெயிண்ட் வாங்கிவரச் சொல்லி, மாதமும் வருஷமும் மெஷினின் பக்கவாட்டில் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதினார். இனி எந்நேரமும் போட்டுக்கொள்ளுங்கள் என்று முனியம்மா எவ்வளவோ சொல்லியும், ஆறரைக்கு நிறுத்தி எட்டரைக்குப் போடுவதை மட்டும் அவர் விடவில்லை. சர்வீஸுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன்.

“எதுக்கு? ஒருவாட்டி பொய் சொல்லி மாட்டிகிட்டவரு இனி பயந்து பயந்து வேல பாப்பாரு. அதவிட நல்ல மெக்கானிக் எனக்கு எங்க கெடைப்பாரு?” என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு என் கடையில் எந்த மெஷினின் தகட்டையும் நான் கழற்றியதில்லை. மாற்றலாமா, இன்னும் ஓட்டலாமா என்று யார் கேட்டாலும் டீச்சரின் வழியைத்தான் சொல்கிறேன். பத்து வருஷம் தாண்டியதா என்று முதலில் பாருங்கள். அறை குளிர ஆகும் நேரத்தை வருஷா வருஷம் எழுதுங்கள். அது இரண்டு பங்கை நெருங்கி, வருஷம் தவறாமல் கேஸும் போடவேண்டி வந்தால், கோடை வரக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை, கம்பைநல்லூரிலிருந்து வந்திருந்த அவர் தம்பி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டைக் காலி செய்ய வேண்டும். மெஷினை, தீக்காயக்காரர்களுக்குப் படுக்கை போட்டிருக்கும் ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கொடுக்க நினைத்தார். “எத்தன வருஷத்து மெஷின்னு அங்க கேக்கறாங்க. கழட்றதுக்கு முன்ன ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

எனக்கிருந்த பதற்றத்தில் மணியைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டேன். ஏழு மணி. தெருவில் அத்தனை பல்பும் மங்கின. கதவுகள் திறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. நான் அவசரமாக அணைத்துவிட்டு வெளியே வந்தேன். பிள்ளைகள் புத்தகமும் கையுமாக வாசலில் நின்றிருந்தார்கள். முனியம்மா நடுத்தெருவுக்கே வந்துவிட்டார்.

“டீச்சர் இந்நேரத்துக்குப் போடமாட்டாங்களே மாது. பசங்க படிக்கற நேரமாச்சே.”

தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன்.

“எட்டரைக்குப் போடு. நாங்க இருக்கறோம்” என்றார்.

யாரும் உள்ளே போகவில்லை. பிள்ளைகள் மட்டும் அவரவர் பல்புக்கடியில் உட்கார்ந்து படித்தார்கள். எட்டரை ஆனதும் உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். தெரு முழுக்க ஒருசேர மங்கியது. புத்தகங்களை மூடும் சத்தம் கேட்டது. அன்று மங்கியதற்கு யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

போய் வாருங்கள், டீச்சர். இருபது நிமிஷத்தில் அறை குளிர்ந்தது, மணி பார்த்தேன். மருத்துவமனைக்கு நானே கொண்டுபோய் மாட்டினேன். வயது என்ன என்று கேட்டார்கள். மூன்றரை என்றேன். இந்தத் தடவை நிஜம், டீச்சர்.