தெரு மலையேறிய பிறகு

எங்கள் தெருவுக்குப் பணம் வந்தது ஒரே வழியில்தான். ஆடி பிறந்ததும், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி எங்கள் ஊரான சிலமலைக்கு வருவார். வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, வீட்டுக்கு எத்தனை ஆள் என்று பேசி, முன்பணத்தைக் கையில் வைப்பார். பிறகு தெருவே மூட்டை கட்டிக்கொண்டு, போடி வழியாகக் குரங்கணிக்குப் போய், அங்கிருந்து ஏலக்காட்டுக்கு ஏறிவிடும். தை பிறக்கும்போதுதான் இறங்குவோம். வாங்கிய பணத்தை வேலை செய்து கழிக்க வேண்டும். கழிக்காமல் ஓடியவனையும், இரண்டு பேரிடம் முன்பணம் வாங்கியவனையும் போலீஸ் கச்சேரியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சும்மா வரும் பணம் என்று ஒன்று இருப்பதாக எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நானும் என் மனைவியும் அப்படி ஏறி இறங்கியவர்கள்தான். மலைக்காய்ச்சலில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். மூத்தவன் பையன், அடுத்தது பெண். இருவரையும் ஓடைக்கு மேலே ஒரு சரிவில் வைத்துவிட்டு வந்தோம். மூன்றாவதாகப் பிறந்த பெண் அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறும்போது என் மனைவி வாயைத் திறக்கமாட்டாள். தெருப் பெண்கள் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறுவார்கள். இவள் மட்டும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவாள்.

அந்த வருஷம் விடாத மழை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானிக்குக் காய்ச்சல் கண்டு, கீழே இறக்க வேண்டியதாயிற்று. ஒரு நாற்காலியில் மூங்கில்களைக் கட்டி நாலு பேர் தூக்கினோம். உயரம் ஒத்துவந்ததால் என்னையும் பிடித்திருந்தார்கள். கூடவே பங்களாச் சமையல்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"உனக்கு எத்தனை புள்ளைன்னு கேக்குறாங்க" என்றார் சமையல்காரர்.

"ஒண்ணு இருக்கு. ரெண்டு இங்கனயே இருக்கு."

"இங்கனன்னா?"

இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்திருந்ததால் தாடையால் அந்தச் சரிவைக் காட்டினேன். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசானி அந்தச் சரிவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். முந்தின வருஷம் அவரும் ஒரு கைக்குழந்தையைப் பங்களாவுக்குப் பின்னால் புதைத்திருந்தார். தோட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

குரங்கணியில் மாட்டுவண்டி காத்திருந்தது. இனாம் வாங்குவதற்காக மற்ற மூவரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் முன்னால் போய்க் கையை நீட்டி நிற்பது எனக்கு எப்போதும் முடியாத காரியம். கால் கழுவப் போகிறவன்போல ஓடைக்கு இறங்கி, அப்படியே மலையேறிவிட்டேன். மூவரும் சாராய வாசனையோடு பின்னால் வந்து சேர்ந்தார்கள். "உன் பங்கையும் சேத்து நாங்களே குடிச்சுட்டோம்டா, கோவிச்சுக்காத" என்றான் ஒருவன்.

அடுத்த வருஷம், கங்காணி வருவதற்குச் சில நாள் முன்னால், போடியிலிருந்து தபால்காரர் என் வீட்டைத் தேடி வந்தார்.

"பட்டணத்துலருந்து மணியார்டர் மாப்ளே. கையெழுத்தா, ரேகையா?"

மூன்றாம் வகுப்புவரை படித்தவன் நான். கையெழுத்துப் போட்டேன். அஞ்சு ரூபாய் கொடுத்தார்.

"யாரு அனுப்புனது?"

"ஒரு கம்பெனி. துரைசானி சீமைக்குப் போயி, அங்கருந்து சொல்லி அனுப்புறாங்களாம். வீட்டுச் செலவுக்கு, மாசாமாசம் வரும்னு எழுதியிருக்கு."

"நான் என்ன சோலி பாக்கணுமாம்?"

"ஒரு சோலியும் இல்லையாம்."

"எப்பக் கூப்புடுவாகளாம்?"

"அட, கூப்புடவே மாட்டாகப்பா! தின்னுட்டுத் தூங்கு!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என் மனைவி சிரிக்கவில்லை. "சும்மா குடுப்பாகளா? அவுகளுக்குப் புள்ள இல்ல. நம்ம புள்ளையத்தான் கேப்பாக" என்று மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பணத்தை மிளகாய்ப் பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டினோம். தொடவே இல்லை.

கங்காணி வந்தபோது நான் மரத்தடிக்குப் போய் ஓரமாக நின்றேன். பணத்தை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"ஏற்கெனவே ஒரு இடத்துல வாங்கிட்டேன்."

"எவன்கிட்டப்பா வாங்குன, எனக்குத் தெரியாம?"

"துரைசானிகிட்ட."

தெரு முழுக்கச் சிரித்தது. "அப்புறமென்ன, கப்பலேத்திக் கூட்டிட்டுப் போயி, சீமையில ஏலக்கா பறிக்கச் சொல்லப்போறா. கம்பளிய மறந்துராத அப்பு!" என்றார் கங்காணி.

நான் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். துரைசானியின் ஆட்கள் வந்து கூப்பிடுவார்கள், அந்த நேரம் நான் ஊரில் இருக்க வேண்டும் என்று. ஆகவே அந்த ஆடியில் தெரு மலையேற, நாங்கள் மட்டும் வாசலில் நின்று பார்த்தோம்.

ஆள் இல்லாத தெருவில் அதுவரை நான் இருந்ததில்லை. எதிர்ச் சாரியில் கண் தெரியாத ஒரு கிழவர், நாங்கள் மூவர், நாய்கள். எங்கள் கூரையில் மட்டும் புகை எழும். மனைவி கம்பு குத்தத் தொடங்கினால் உலக்கைச் சத்தம் தெருக்கோடிவரை போய்த் திரும்பி வரும். கொஞ்ச நாளில் அவள் பகலில் குத்துவதை நிறுத்தி, ராத்திரியில் கிழவர் இருமுகிற நேரம் பார்த்து, அந்தச் சத்தத்தோடு சேர்த்துக் குத்தத் தொடங்கினாள். சாயங்காலம் மேற்கே மலையைப் பார்த்தபடி, "இந்நேரம் தீ மூட்டிச் சுத்தி உக்காந்திருப்பாக" என்பாள். எனக்கு அவளிடம்கூடப் பேச்சு சுலபமாக வராது. மலையில் அந்தக் குறை தெரிந்ததில்லை. பத்துப் பேர் பேசும் இடத்தில் ஒருவன் பேசாவிட்டால் யாருக்கும் தெரியாது.

மாதம் தவறாமல் தபால்காரர் வந்தார். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, பிள்ளையையும் கேட்கவில்லை. புரட்டாசியில் வீட்டில் தானியம் தீர்ந்த அன்று, மனைவி பானையின் துணியை அவிழ்த்தாள். கம்பு வாங்கினோம், குட்டியோடு ஒரு ஆடு வாங்கினோம். மகள் ஆட்டுப்பால் குடித்தாள். கன்னத்தில் சதை வைத்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவள் தாயைவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்த வருஷம் பிள்ளைக்கு ஒரு நாள்கூடச் சுடவில்லை.

தையில் தெரு இறங்கி வந்தது. என் மகள் ஓடிப்போய் எதிர்வீட்டுக்காரியின் சேலையைப் பிடித்தாள். அவள் சேலையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று பிள்ளைகளோடு ஏறியவள் ஒரு பையனோடு இறங்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு 'மணியார்டர் வீடு' என்று பெயர். கிணற்றடியில், "என்ன மதினி, இன்னைக்கும் நெல்லுச்சோறா?" என்பார்கள். முகத்தில் சிரிப்பு இருக்கும். கேட்டவர்களுக்கு நாங்கள் கைமாற்றுக் கொடுத்தோம். திருப்பிக் கேட்கவும் இல்லை. வாங்கியவர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் நடந்தார்கள். ஒரு நாள் மனைவி, "வர்ற ஆடிக்கு நாமளும் ஏறுவமா?" என்றாள். கேட்டுவிட்டு, தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இப்படியே வருஷங்கள் போயின. ஆடுகள் பெருகின. கரட்டுப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் வாங்கினேன். என் மனைவி வயிற்றுநோவில் இறந்தது ஒரு கார்த்திகையில். தெரு மலையில் இருந்தது. பாடை தூக்க நாலு பேர் இல்லை. ரோட்டில் போன வண்டிக்காரர்கள் இரண்டு பேரைக் கும்பிட்டுக் கூட்டி வந்தேன். மூன்றாவது ஆள், அன்று மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர். பையைக் கழற்றித் திண்ணையில்லாத என் வாசலில் ஒரு கல்மேல் வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். நாலாவது ஆள் நான்.

பின்னால் ஒரு மாதம் தபால்காரர் என் வாசலில் நிற்காமல் போனார். அடுத்த மாதம், "இல்ல மாப்ளே" என்றார். துரைசானிக்கு என்ன ஆயிற்று என்று யாரிடம் போய்க் கேட்பது? அவர் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டில் மிஞ்சிய அந்தப் பையனுக்கே என் மகளைக் கொடுத்தேன். அவர்களாக வந்து கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கல்யாணம் முடிந்து வந்த முதல் ஆடியில் அவள் வாசலில் உட்கார்ந்து கம்பளியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏற வேணாம்த்தா. ஆடு இருக்கு, நிலம் இருக்கு. ரெண்டு பேரும் இங்கனயே இருங்க."

"இங்க யாருப்பா இருக்கா?"

"நான் இருக்கேன்ல?"

அவள் சிரித்தாள். "நீங்க பேசவே மாட்டீகளே. நான் சின்னதுலருந்து இந்தத் தெருவுல நாய்களோடதான் பேசிட்டுத் திரிஞ்சேன். ஒருக்கா எல்லாரோடயும் நானும் ஏறிப் பாக்குறேன்ப்பா."

அவள் அம்மா இருந்திருந்தால் காலைக் கட்டிக்கொண்டாவது நிறுத்தியிருப்பாள். நான் எழுந்து போடிக்கு நடந்து, தபாலாபீஸ் ஜன்னலில் நின்றேன். உள்ளே தபால்காரர் இருந்தார், தலை நரைத்திருந்தது.

"மணியார்டர் ஒண்ணும் இல்லையே மாப்ளே."

"கொய்னா வேணும்."

காய்ச்சலுக்கான கொய்னாத்தூள் அங்கே சின்னப் பொட்டலங்களாக விற்பார்கள். என் பிள்ளைகள் போன காலத்தில் அதை வாங்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. ஆடு விற்ற காசுக்கெல்லாம் வாங்கினேன். மகள் பொட்டலங்களை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"கசக்குமாப்பா?"

"கசக்கும். வெரசா முழுங்கிரு."

அவள் தெருவோடு ஏறிப் போனாள். பெண்கள் சிரிக்கும் சத்தத்தில் அவள் குரலும் இருந்தது. கிழவரும் அப்போது இல்லை. தைவரை என் வீட்டுப் புகை ஒன்றுதான்.

தையில் மெலிந்து, கறுத்து, உயிரோடு இறங்கினாள். இரண்டு முறை காய்ச்சல் கண்டதாம், கொய்னாவுக்குக் கேட்டதாம். வாசலில் உட்கார்ந்து ஓயாமல் பேசினாள். அவ்வளவு பேச்சு அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணனும் அக்காவும் இருக்க இடத்துக்குப் போனேன்ப்பா. அத்தை காட்டுனாக. முழுக்க ஏலம் நட்டுட்டாக, அடையாளமே இல்ல. பங்களாவுக்குப் பின்னாடி அந்தத் துரைசானி புள்ளைக்கு மட்டும் ஒரு கல்லு இருக்கு. கொண்டுபோன பூவ அங்க வச்சுட்டு வந்துட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். அவள் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள்.

இப்போது மறுபடியும் ஆடி. மரத்தடியில் கங்காணி துண்டு விரித்துவிட்டார், மகளும் புருஷனும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போடிக்குப் போக வேண்டும், தபாலாபீசில் கொய்னா தீர்ந்துபோவதற்கு முன்னால்.