பம்பாயில் இருந்த மாமா

அக்காவைப் பெண் பார்க்கச் சேத்தூரிலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மா செய்த முதல் காரியம், மாடியில் இருந்த வீட்டுக்காரரிடம் சோபாவை இரவல் வாங்கியது. பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்பது அவர் நிபந்தனை. உட்கார்ந்தவர்கள் அசையும்போதெல்லாம் அது சத்தம் போட்டது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்த அப்பா, அன்று காலையிலிருந்து மானேஜர் ஆனார். அவர் மறுக்கவில்லை. அம்மா சொன்ன எதையும் அவர் மறுத்து நான் பார்த்ததில்லை.

மாமாவைப் பற்றி அம்மா தரகரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள். தன் ஒரே தம்பி பம்பாயில் ஆபீசர் என்று. உண்மையில் மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிட்டாய்க் கடையில் பால்கோவா கிண்டினார். விறகடுப்பு முன்னால் நின்று நின்று முழங்கைவரை ரோமம் கருகியிருக்கும். பெண் பார்க்கும் சேதியை அம்மா அவருக்குச் சொல்லவில்லை. வேறு யார் மூலமோ கேள்விப்பட்டு, தாய்மாமன் இல்லாமலா என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டு வந்துவிட்டார். பால்கோவாப் பெட்டியோடு அவர் வாசலில் நின்றபோது, சேத்தூர்க்காரர்கள் அப்போதுதான் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா திகைத்தது ஒரு நொடிதான்.

“வாங்க மாஸ்டர், ஏன் இம்புட்டு நேரம்? பின்பக்கமா வாங்க” என்றவள், வந்தவர்களிடம் திரும்பி, “சமையலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து ஆள் சொல்லியிருந்தோம்” என்றாள்.

தம்பியை ‘ஏலே’ என்றே கூப்பிடுகிறவள் ‘வாங்க’ என்றதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுப்படியில் அம்மாவின் குரல் இறங்கியது. “ஏலே, செத்த நேரம் பொறுத்துக்கோ. மூத்தவ வாழ்க்கை இதுலதாம்ல இருக்கு.”

மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். துண்டை இடுப்பில் கட்டினார். “சரிக்கா. ரவை எங்க இருக்கு?”

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, மாமான்னு வாயத் தொறந்த, தோலை உரிச்சிருவேன்.”

எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. மாமா கேசரியும் பஜ்ஜியும் செய்து தானே கொண்டுவந்து பரிமாறினார். அவர் காபியை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

“பொண்ணுக்குத் தாய்மாமன் எங்க? ஆளையே காணோமே.”

“பம்பாயிலருந்து வரணும்லா, லீவு கிடைக்கல” என்றாள் அம்மா.

மாமா அடுத்தவருக்குக் காபியை நீட்டினார்.

அக்காவைப் பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். வரிசையாக விழுந்து எழுந்து வந்தவள், அடுப்படி வாசலில் காலித் தட்டோடு நின்ற மாமாவின் முன் வந்ததும் நின்றுவிட்டாள். மாமா உள்ளே போனார். அக்காவின் கண்ணில் நீர் நிறைந்தது. பிள்ளை வெட்கப்படுகிறது என்று மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தைத் தடவினார்.

பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் அப்பா அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். “ஏ மாஸ்டரே, கேசரி பிரமாதம். கல்யாணத்துக்கும் நீருதான் வந்து சமைக்கணும், கேட்டீரா?”

மாமா அடுப்படி வாசலுக்கு வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா சோபா உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“வந்துர்றேன், ஐயா” என்றுவிட்டு மாமா உள்ளே போனார்.

அன்று காலையிலிருந்து எனக்கு ஒரே கவலை. பம்பாயில் இருப்பதாகச் சொல்லப்பட்ட மாமா கல்யாணத்துக்கு எப்படி வருவார்? அது தீர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் கைதட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரிப்பார் என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் கழுவிக் கவிழ்த்த வாணலியை மறுபடி எடுத்து, திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தானே இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.