இரங்கல் கூட்டத்தில் எழாதவர்

1. மலேசியாவின் சிம்பாங் ரெங்கம் ஊரில் எங்கள் சங்கத்தின் முன்னாள் தலைவர் காய்ச்சலில் இறந்தார்.
2. இரங்கல் கூட்டம் கூடியது.
3. இரண்டு தவணைக்கு மேல் யாரும் தலைவராக இருக்கக் கூடாது என்பது விதி. அதை நீக்கும் தீர்மானத்தை, இப்போதைய தலைவர் இரங்கல் தீர்மானத்தோடு சேர்த்தே வாசித்தார்.

எழுந்து நிற்பதுதான் எங்கள் சங்கத்தில் வாக்கு. இறந்தவருக்காக எழாமல் இருப்பது எப்படி? மருத்துவமனைத் தாதியான நானும் எழுந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்னாள் தலைவரின் மனைவி எழவில்லை. உயரமான பெண். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"எழுந்திருங்கம்மா, உங்க வீட்டுக்காரருக்குத்தானே?" என்றார் தலைவர்.

"அவரு ரெண்டு தவணை முடிஞ்சதும் தானா எறங்குனாரு. உங்களுக்கு எறங்க மனசு வரலன்னா, அவரு பேரை ஏன் இழுக்குறீங்க?"

நான் உட்கார்ந்தேன். பின்வரிசைகளும் உட்கார்ந்தன.

அந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. விதி மாறவில்லை. அடுத்த மாதம் புதிய தலைவருக்குத் தேர்தல்.