இறங்குதுறைப் புத்தகத்தில் அக்காவின் பெயர்

என் அக்காவின் சேலையை உடுத்து, அவளுடைய அடையாள அட்டையைக் காட்டி, அவளாகவே திருகோணமலை இறங்குதுறைச் சோதனைச் சாவடியைக் கடந்தேன். அவள் காணாமற்போய் அப்போது மூன்று மாதம். இதை இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும்... அம்மாவிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

சேலை உடுத்ததைக் குற்றம் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் அவசரப்பட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். வீட்டில் ஆளில்லாத நேரங்களில் அக்காவின் உடுப்புகளை எடுத்து உடுத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு இருந்தது. ஒருநாள் அக்கா கண்டுவிட்டாள். கத்தவில்லை. கொசுவம் கோணிக் கிடக்கிறது என்று சொல்லி, அவளே மடித்துச் செருகிவிட்டாள். என் இரகசியத்தை அறிந்த ஒரே சீவன் அவள்தான்.

அக்காவின் பெயர் சுகந்தி. பாலர் பாடசாலை ஆசிரியை. ஒரு காலையில் பள்ளிக்கென்று புறப்பட்டவள் அங்கே போகவுமில்லை, வீடு திரும்பவுமில்லை. அப்பா இல்லாத வீடு. அம்மா தனியாகப் பொலிஸ், முகாம், ஆஸ்பத்திரி என்று ஏறி இறங்காத படியில்லை. குடாவைக் கடந்து மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகில் போகிறவர்களின் பெயரையும் அட்டை இலக்கத்தையும் இறங்குதுறையில் ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். அங்கேயும் போய்க் கேட்டார். அந்த மாதப் புத்தகம் மேலிடத்துக்குப் போய்விட்டது என்று கைவிரித்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இராணுவத்தின் சுற்றிவளைப்புக்குப் பயந்து மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். தலைமுடி தோள்வரை வளர்ந்திருந்தது. ஒரு பிள்ளை காணாமற்போன வீட்டில் மிஞ்சிய பொடியனை விட்டுவைப்பார்களா? கிளிவெட்டியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு என்னை அனுப்ப அம்மா முடிவு செய்தார். தெரிந்தவர் ஒருவரின் நெல் லொறியில் கந்தளாய் வழியாகப் போவதென்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அம்மா கோயிலுக்குப் போனார்.

நான் லொறிக்குப் போகவில்லை.

வீதி நெடுகக் காவலரண், லோஞ்சுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பெண்களை லேசாகத்தான் சோதிப்பார்கள்... இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய்! ஒரே ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலையில் தெருவில் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைக்குப் பயம் ஒரு சாட்டாகக் கிடைத்தது.

அக்கா ஒருமுறை அட்டை தொலைந்துவிட்டதென்று புதிது எடுத்திருந்தாள். பழையது பிறகு தையல் மெஷின் லாச்சிக்குள் அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டேன். அவளுடைய சவுரியை வைத்துப் பின்னி, பவுடர் பூசி, அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே முகம் என்று ஊரே சொல்லும். ஆனால் கண்ணாடியில் நின்றவள் என்னைப் பார்த்த பார்வை என்னுடையதல்ல. எதையோ கேட்க வந்தவள் போல நின்றாள். அப்போதாவது களைந்து எறிந்திருக்கக் கூடாதா?

தெருவில் இறங்கினேன். சந்திக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெல்லத் தலையசைத்தார். மூன்று மாதமாக ஊர் தேடும் பெண் முன்னால் போகிறாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அக்காலத்தில் கண்டதைக் கேட்கிற துணிவு எவருக்கும் இல்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள்கூட மேய்வதை விட்டுவிட்டு நான் கடக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றன. என் காலடி எனக்கே அந்நியமாய்க் கேட்டது. அக்கா இடது காலைச் சற்று இழுத்து நடப்பாள். நான் அதைப் பழகியதே இல்லை... ஆனாலும் அப்படித்தான் நடந்தேன்.

இறங்குதுறையில் பெண்கள் வரிசை குறுகியதாக இருந்தது. நீருக்கடியால் எவரும் நீந்தி வராதிருக்கக் கடற்படையினர் துறைமுகத்தில் வெடி போட்டார்கள். அதிர்வு தரைவழியே வந்து உள்ளங்காலில் தட்டியது. மேசையில் இருந்தவன் அட்டையைப் பார்த்துப் பெயரைப் புத்தகத்தில் எழுதினான். பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் போகச் சொன்னான்.

உள்ளே ஒரு பெண் பொலிஸ். நடுத்தர வயது, களைத்த முகம். என் தோளில் கை வைத்தவள் முகத்தைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள். கொச்சைத் தமிழில், மிகத் தணிந்த குரலில் கேட்டாள்.

"நங்கி, அண்டைக்கு நல்லா அழுதது தானே? இண்டைக்கு அந்த ஆள் வரல்லையா?"

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

விளங்குகிறதா உங்களுக்கு? அக்கா இந்தத் திரைக்குள் நின்றிருக்கிறாள். அழுதிருக்கிறாள். அவளோடு ஒரு ஆள் வந்திருக்கிறான்! மூன்று மாதமாக அம்மா வாசல் வாசலாய்க் கேட்டலைந்த பதில், என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, அந்தப் பெண்ணின் வாயில் இருந்தது.

எந்த ஆள்? என்றைக்கு? இரண்டே கேள்விகள்.

ஆனால் அந்தக் கேள்விகளை அக்கா கேட்கமாட்டாள். தன்னோடு வந்தவன் யார் என்று அவளே கேட்பாளா? கேட்பதென்றால் நான்தான் கேட்க வேண்டும். நான் நானாக வேண்டும். அந்த இடத்தில், அந்தச் சேலையில், அடுத்தவளின் அட்டையோடு நிற்கும் ஒரு தமிழ்ப் பொடியனாக...

நான் இல்லையென்று தலையாட்டினேன். அக்காவாகவே தலையாட்டினேன்.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். என்னைத் தடவிச் சோதிக்காமலே திரையை விலக்கினாள். அவள் காட்டிய இரக்கம் அக்காவுக்குரியது. அதை வைத்து நான் தப்பினேன்.

அக்கரையில் இறங்கி, ஆளில்லாத ஒரு வளவுக்குள் உடுப்பை மாற்றினேன். சேலையையும் அட்டையையும் கல்லைக் கட்டி ஆற்றில் போட்டேன். சின்னம்மா வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு அதே நெல் லொறியில் வீடு திரும்பினேன். அன்று நேரம் பிந்தியதால் பஸ்ஸில் போனேன் என்று லொறிக்காரரிடமும் அம்மாவிடமும் சொல்லிச் சமாளித்தேன்.

வந்த மூன்றாம் நாள் சலீம் நானா வந்தார். லோஞ்சுக்கு டிக்கெற் கிழிப்பவர், அப்பாவின் சினேகிதர். எங்களுக்காக யாரையோ பிடித்துப் புத்தகத்தைப் பார்த்திருந்தார்.

"தங்கச்சி, உங்கட மகள் உசிரோட இரிக்கா. புத்தகத்தில பேர் இரிக்கு" என்றார். திகதியையும் சொன்னார். அது நான் போன வெள்ளிக்கிழமை.

அம்மா அழுதார், சிரித்தார், சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். பிறகு சட்டென்று எழும்பி அலுமாரியைத் திறந்து கிளறினார். திரும்பிய முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"தம்பி, கத்தரிப்பூச் சேலை இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் கோயிலுக்குப் போன நேரம் வந்து, ஒருத்தரையும் காணாமல் திரும்பிப் போயிட்டாள்."

அப்போது நான் குசினி வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன். "ஓம் அம்மா, அப்பிடித்தான் இருக்கும்" என்றுதான் அது சொன்னது.

பிறகொரு நாள் துணிந்து இறங்குதுறைக்குப் போனேன், நானாகவே. அந்தப் பெண் பொலிஸ் மாற்றலாகிப் போய்விட்டாள். எங்கே என்று சொல்ல ஆளில்லை.

அதன்பின் எத்தனை மனுக்கள்! எத்தனை விசாரணைகள்! அத்தனையும் எழுதியவன் நான். வீட்டில் படித்தவன் நான்தானே. கடைசியாகக் காணப்பட்ட திகதி என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளிக்கிழமையை எழுதினேன். விசாரித்தவர்களும் அந்த லோஞ்சில் போனவர்களையே தேடிப் பிடித்து விசாரித்தார்கள். ஓம், கத்தரிப்பூச் சேலையில் ஒரு பிள்ளை தனியாக இருந்தது என்று அவர்களும் சொன்னார்கள். அக்கா உண்மையாய்ப் போன நாளைப் பற்றி, அவளைக் கூட்டிப்போனவனைப் பற்றி, எவரும் எவரிடமும் கேட்கவில்லை. அந்த நாளை மறைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அதன்பின் நான் சேலையைத் தொட்டதில்லை. உடுத்தால் கண்ணாடியில் வந்து நிற்பது யார் என்ற பயம். தொடாமலும் அவள் வருகிறாள். முகம் மழிக்கும்போது சில நாட்களில் என் கண்கள் காரணமில்லாமல் கலங்கும். அழுவது நானா? இன்றும் எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் காணாமற்போனோரைப் பதியும் இன்னொரு அலுவலகத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு இப்போது காதும் கண்ணும் மங்கல். வந்தவள் மிகவும் மரியாதையானவள். படிவத்தை நிரப்பியபின், ஒரே ஒரு முறை அலுவலகம்வரை வந்து வாக்குமூலம் கொடுத்தால் நல்லது, வாகனம் அனுப்புகிறோம் என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலாது பிள்ளை. அண்டைக்கு ஒருநாள் நான் வீட்டில இல்லாமல் போனதாலதான் அவள் வந்து திரும்பிப் போனவள். அதுக்குப் பிறகு நான் ஒரு இடமும் வெளிக்கிடுறேல்லை. கோயிலுக்கும் போறேல்லை."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சாட்சி என்று போட்டிருந்த இடத்தை விரலால் காட்டினாள். நான் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.