மேலே கிடந்த கற்கள்

வசந்தா இறந்த செய்தி வந்தபோது, திருச்சானூர் போகும் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசிவரை போய்விட்டேன். அவரோடு காட்டில் நடந்தவர்களுக்கு ஒன்றை மட்டும் நினைவுபடுத்த விரும்புகிறேன்.

திருப்பதிக் கல்லூரி ஒன்றில் நாங்கள் இருவரும் வரலாறு நடத்தினோம். விடுமுறைகளில், தமிழும் புழங்கும் குடுபல்லி ஊருக்கு அப்பாலுள்ள காட்டில், இறந்தவர்களைப் புதைத்த பழங்கால ஈமமேடுகளைத் தேடினோம். வட்டமாகப் பெருங்கற்கள், நடுவே மண்ணும் சிறுகல்லும் குவிந்த மேடு. எங்களுக்குத் தெரிந்து, யாரும் அவற்றை அதுவரை வரைபடமாக்கியதில்லை. ஒவ்வொன்றும் ஈமமேடுதானா என்று எனக்குச் சந்தேகம் வரும். “நீ சந்தேகப்படு, நான் உட்கார்ந்து பாக்கறேன்” என்பார் வசந்தா. அனுமதி வாங்கித் தோண்டலாமே என்றால், “தோண்டாம இருக்கறதும் வேலைதான்” என்பார்.

காட்டோரத்தில் ஒரு மேடு முனியம்மா என்பவரின் நிலத்துக்குள் இருந்தது. அளவு நாடாவை விரித்ததுமே ஓடி வந்தார்.

“இன்னா மேடம் அளக்கறீங்க? ஏரோட்டும்போது வந்த கல்லு. நாங்கதான் வாரிப் போட்டோம்.”

நான் நம்பிவிட்டேன். வசந்தா, மண்ணில் பாதி புதைந்திருந்த பாறை ஒன்றைக் காட்டினார்.

“இதையும் நீங்கதான் தூக்கிப் போட்டீங்களா?”

“நான் துன்ற களிக்கு அது அசையுமா?” என்று சிரித்த முனியம்மா, சட்டென்று அடங்கினார். “எங்க நைனா ஊரான் நெலத்துல கூலிக்கு ஏரோட்டியே போய்ச் சேந்துட்டாரு. எங்க வூட்ல மொதல் பட்டா இதான். நீங்க எழுதிக்கினு போனா சர்க்காருல புடுங்கிக்குவாங்களே!”

“மேல இருக்கறது உங்களுது. கீழ இருக்கறது அங்க பொதைஞ்சவங்களுது. ரெண்டையும் எழுதறேன்” என்றார் வசந்தா. “புடுங்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆபீசுக்கு உங்ககூட வரேன்.”

சொன்னபடி போனார். மண்டல வருவாய் அலுவலகத்துக்கு முனியம்மாவுடன் பஸ்ஸில் பலமுறை அலைந்தார். அதிகாரிகள் மாறினாலும் அதே விளக்கத்தைத் தெலுங்கில் சலிக்காமல் சொன்னார். கடைசியில் மேட்டை மட்டும் உழாமல் விடுவது என்று முடிவானது. நிலம் முனியம்மாவிடமே இருந்தது. நடக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

போன வாரம் வசந்தா இறந்த செய்தியைச் சொல்ல முனியம்மாவிடம் போனேன். கல்வட்டத்தைச் சுற்றி வேர்க்கடலை பூத்திருந்தது.  கேட்டதும் முனியம்மா வரப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துப்போய் மேட்டின்மேல் வைத்தார்.

“இது வசந்தாம்மாவுக்கு.”

பழைய மேட்டில் புதுக்கல் சேரக் கூடாது; முறைப்படி நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. பையிலிருந்த வரைபடத்தை எடுத்து அந்தக் கல்லையும் வரைந்து, வைத்தவர் யார், யாருக்காக என்று பக்கத்தில் எழுதினேன். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் சேர்த்தே எழுதுவது: வசந்தாவிடமிருந்து எனக்கு வந்தது அது.