லவ்டே ட்ரெம்பாத்தின் எட்டாவது பாட்டு

கார்ன்வால் கடற்கரையில் உள்ள எங்கள் போர்த்வெல்லாவில், படகுகள் கரையேறி ஓய்வெடுக்கும் குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் ஊரார் ஒருவரை ஆளில்லாத் தீவுக்கு அனுப்பிவைப்பது வழக்கம். அனுப்புவது தேவாலயக் கூடத்தின் மேடை வரைக்கும்தான். அங்கே நாற்காலியில் அமர்ந்து, தனித்தீவில் தமக்குத் துணையாக இருக்கவேண்டிய எட்டுப் பாடல்களை அவர் சொல்லவேண்டும். ஒவ்வொரு பாடலும் ஒலித்து முடிந்தபின், அதை ஒட்டித் தம் வாழ்க்கையில் ஒரு பகுதியைச் சொல்லவேண்டும். கேள்வி கேட்பவர், அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மொர்வென்னா. இசைத்தட்டுகளை ஓட்டுவது என் பொறுப்பு.

சென்ற குளிர்காலத்தில் தீவுக்குத் தேர்வானவர் லவ்டே ட்ரெம்பாத். கழிமுகத்தைக் கடக்கும் படகை அவர் தம் தந்தையிடமிருந்து பெற்று, மூட்டுவலியால் நிறுத்தும்வரை ஓட்டியவர். தொடக்கத்தில், பெண் ஓட்டும் படகில் ஏறமாட்டோம் என்று சில ஆண்கள் துறையிலேயே நின்று அடுத்த படகுக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த படகும் அவருடையதே. “என்னப்பா, மனசு மாறிச்சா, இல்ல குளிர் தாங்கலியா?” என்று கேட்டு அவர்களை ஏற்றிக்கொள்வார். துறையில் இருந்தது ஒரே படகு.

தீவுக்குப் போகிறவர் பாடல்களைத் தமக்காக மட்டும் தேர்ந்தெடுக்கிறார் என்று எங்கள் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. ஊரின் சார்பில் அவர் எட்டு இடங்களைப் பங்கிடுகிறார் என்றே எண்ணுகிறார்கள். ஆகவே லவ்டேயின் பெயரை அறிவித்த நாள் முதல் அவர் கடைத்தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை.

“லவ்டே கண்ணு, எங்க தங்கச்சி பையன் கிட்டார் வாசிச்சுப் பாடினது ஒண்ணு இருக்கு. சின்னப் பாட்டுதான்” என்றார் இறைச்சிக் கடைக்காரர்.

“ஆளே இல்லாத தீவுக்குப் போறேன். அங்கயும் உன் தங்கச்சி பையன் வந்து நிக்கணுமா?”

“சரி, அப்ப ஈரலுக்கு வேற கடையப் பாத்துக்க!”

“போடா ராசா, நீ நறுக்கற ஈரல விடத் தீவே மேல்” என்று சொல்லி, கேட்ட ஈரலை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

ஏழு பாடல்களை அவர் விரைவில் முடிவு செய்துவிட்டார். வலையை இழுக்கும்போது அவர் தந்தை சுருதி பிசகிப் பாடிய ஒரு துதிப்பாடல் அவற்றுள் ஒன்று. அதை முறையாகப் பாடியவர்களின் தட்டு கிடைத்தபோது, “இது ரொம்பச் சுத்தமா இருக்கே” என்று குறைப்பட்டுக்கொண்டார். பின்னாளில் தாம் மணம் செய்துகொள்ளாத ஓர் இளைஞனோடு முதன்முதலில் ஆடிய நடனப் பாட்டும் ஒன்று. அதற்கு அவர் கணவர் டென்சில், “அவன் உன் கால மிதிச்சதுதான் மிச்சம். அதுக்கு ஒரு பாட்டா?” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

சிக்கல் எட்டாவதில் எழுந்தது.

டென்சில் படகுகளுக்கு வண்ணம் பூசுபவர். எங்கள் ஆண்கள் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுபவர். நெடுங்காலத்துக்கு முன்பு அக்குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. ஒலிப்பதிவு வண்டி ஒரே ஒரு பிற்பகலுக்கு வந்திருந்தது. கடைசிப் பாடலின் இறுதிச் சரணத்துக்கு முன், குழு முழுவதும் மூச்சை இழுத்து நிற்கவேண்டிய அமைதியில், டென்சிலின் குரல் மட்டும் தனியே முழங்கியது. மற்றவர்கள் தடுமாறிப் பின்தொடர்ந்தார்கள். மீண்டும் பாட நேரமில்லை. தட்டு அப்படியே வெளிவந்தது. அன்று முதல் அவர் ‘அவசர டென்சில்’. ரொட்டிக் கடைக்குப் போனால், “இன்னும் வேகல டென்சில், முந்திட்டியே!” என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் அந்தத் தட்டை அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.

லவ்டேக்கு எட்டாவதாக வேண்டியிருந்தது அந்தத் தட்டுதான். தட்டுகளை வாங்கிவர நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது, சமையலறையில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

“அதப் போட்டா நான் கூடத்துப் பக்கமே வரமாட்டேன்” என்றார் டென்சில்.

“உண்மையச் சொல்லிட்டுப் போடறேன்னுதானே சொல்றேன்.”

“அது இன்னும் மோசம்.”

லவ்டே மாவு படிந்த கையோடு என் பக்கம் திரும்பினார். “நீங்களே கேளுங்க. அன்னிக்கு நான் டாக்டரப் பாத்துட்டு நேரா தேவாலயத்துக்கு வந்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ வயித்துல தங்காமப் போயிருந்தது. இந்தத் தடவ வெளிய தெரியற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். உள்ள ஒலிப்பதிவு நடக்குது, வாயத் தெறக்க முடியாது. பின்னாடி நின்னு வயித்துல கைய வச்சு, தலைய ஆட்டினேன். அவ்வளவுதான். இந்த மனுஷன் கத்திட்டாரு.”

“கத்தல. பாடினேன்.”

“அப்புறம் கெரென்ஸா பொறந்து, வளந்து, கல்யாணமே ஆயிடுச்சு. என் சத்தியத்துக்காக ஊரோட கிண்டலை இன்னும் சுமக்கிறாரு. போதும்ங்கறேன்.”

“கிண்டல் பண்ணாப் பண்ணட்டும். அது பழகிப்போச்சு. விஷயம் தெரிஞ்சா எல்லாரும் என்னைப் பாத்து ‘ஐயோ பாவம், எவ்வளவு நல்ல மனசு’ன்னு உச்சுக் கொட்டுவாங்க. என்னால ரொட்டிக் கடைக்கே போகமுடியாது.”

கேட்கப்படாத கருத்தைச் சொல்லாமல் தேநீர் அருந்துவது எனக்குக் கைவந்த கலை. கோப்பை காலியாகும் வேளையில் உடன்பாடு ஏற்பட்டது. லவ்டே அந்தத் தட்டைப் போடலாம், காரணத்தைச் சொல்லக்கூடாது. டென்சில் வருவார், கடைசி வரிசையில்தான் உட்காருவார்.

அந்தச் சனிக்கிழமை கூடம் நிரம்பிவிட்டது. கெரென்ஸா நடு வரிசையில் இருந்தாள். அந்த ஒலிப்பதிவில் கையசைத்துக் குழுவைப் பாடவைத்த தலைவர் ஹோஸ்கிங், முதுமையால் வளைந்திருந்தும், முன்வரிசையில் கைத்தடியை ஊன்றி அமர்ந்திருந்தார். ஏழு பாடல்களும் சிறப்பாகவே சென்றன. தந்தையின் துதிப்பாடலுக்குப் பின், அவர் பிசகிப் பாடிய விதத்தை லவ்டே பாடிக் காட்டினார். கூடம் அதையே மறுபடி பாடச் சொன்னது.

எட்டாவது தட்டின் உறையை நான் எடுத்ததுமே சிரிப்பு தொடங்கிவிட்டது.

“இத்தனை பாட்டு இருக்க, இது ஏன் லவ்டே?” என்றார் மொர்வென்னா.

லவ்டே கடைசி வரிசையைப் பார்த்தார். “எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான், கண்ணு.”

அவர் வாக்குத் தவறவில்லை. ஆனால் பொய் சொல்லிப் பழகாதவர் ஆதலால் அவர் முகம் சிவந்தது. நான் ஊசியை வைத்தேன். பாடல் சரணம் சரணமாக ஏறியது. அந்த அமைதி வந்தது. அதனுள் டென்சிலின் குரல் பாய்ந்தது.

கூடம் வெடித்துச் சிரித்தது. நான் டென்சிலைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருக்கவில்லை. வாய் சற்றே திறந்திருக்க, தெருவில் எதிர்ப்பட்ட பழைய நண்பன் ஒருவனைப் பார்ப்பதுபோல் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் குரலில் இருந்த மகிழ்ச்சியை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. மறுகணம் எழுந்து நின்றுவிட்டார். பாடல் இன்னும் முடியவில்லை.

“அது கெரென்ஸா!” என்றார் உரத்த குரலில். “அவ வரப்போறான்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது! லவ்டே பின்னாடி நின்னு தலைய ஆட்டினா. நான் என்ன பண்ணட்டும்? வாய மூடிக்கிட்டு நிக்கவா?”

நான் ஊசியைத் தூக்கினேன். டென்சில் அஞ்சிய அந்த உச்சுக்கொட்டல் எழுவதற்கான நேரம் அதுவே. எழுந்தது ஹோஸ்கிங்கின் கைத்தடி.

“அடப்பாவி!” என்றார் அவர். “என் கைதான் முன்னாடியே எறங்கிடுச்சோன்னு இத்தன வருஷமா கண்ணாடி முன்னாடி நின்னு கைய வீசிப் பாத்துக்கிட்டு இருக்கேன்டா! ஒரு வார்த்த சொல்லக்கூடாது?”

“சத்தியம் பண்ணியிருந்தேன், ஐயா.”

“எனக்கு மட்டும் ரகசியமாச் சொல்லியிருக்கலாமே!”

“உங்ககிட்ட ரகசியமா?” என்றார் இறைச்சிக் கடைக்காரர். அதற்குமேல் எவராலும் அடக்கமுடியவில்லை. மக்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். டென்சில் மற்றெல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார்.

கெரென்ஸா எழுந்து கடைசி வரிசைக்குச் சென்றாள். “அப்பா, சின்ன வயசுல என் கூடப் படிச்சவங்க எல்லாம் அந்தப் பாட்டப் பாடித்தான் என்னை அழ வச்சாங்க” என்றாள்.

“மன்னிச்சுக்கம்மா.”

“மன்னிப்பெல்லாம் வேண்டாம். வாங்க.” அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவந்தாள். லவ்டே நகர்ந்து உட்கார்ந்து, நாற்காலியில் பாதியை விட்டுக்கொடுத்தார்.

“தீவுக்கு ஆள் கூட்டிட்டுப் போகக்கூடாது. அது விதி” என்றார் மொர்வென்னா, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி.

“தீவுக்கு யாரு கூப்பிட்டா? அங்க எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும்” என்றார் லவ்டே. “முதல்லேருந்து போடுங்க. எல்லாரும் சிரிச்சதுல, இவர் கத்தினதுல, கடைசிச் சரணத்த யாருமே ஒழுங்காக் கேக்கல.”

நான் தட்டைத் துடைத்து, ஊசியை மறுபடியும் வைத்தேன்.