எழுந்து நிற்கச் சொன்னார்கள்

ராணுவச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்குக் காஜாக்கா என்றுதான் பேர். இருபத்திரண்டு வருஷமாகப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து எடுத்து விரல்நுனி மரத்துப்போயிருந்தது. அவள் எடுத்த காஜாவுக்குப் பொத்தான் தைப்பவள் பக்கத்து முக்காலியில் இருப்பாள். இருவருமே புருஷனைப் பறிகொடுத்தவர்கள். ஆளுக்கு ஒரே மகன். ஒரே நாளில் இரண்டு பையன்களும் போருக்குப் போனார்கள். அன்றிலிருந்து மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன், இருவரும் கண்ணை மூடி இரண்டு பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே வேண்டிக்கொள்வார்கள்.

காஜாக்காவின் மகன் தோளில் தழும்போடு வந்து சேர்ந்தான். பொத்தான்காரி வீட்டுக்கு வந்தது தபால்தான்.

போரில் ஜெயித்ததும், நன்றி சொல்ல ஊரே பிரார்த்தனைக் கூடத்தில் கூடியது. பொத்தான்காரியும் வந்து காஜாக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

"வீட்ல சுவத்தப் பாத்துட்டு உக்காந்து என்னக்கா பண்ணப்போறேன்?"

போதகர் வெற்றி ஆண்டவர் தந்தது என்றார். பிறகு, "யார் பிள்ளையை ஆண்டவர் காப்பாற்றித் திருப்பிக் கொடுத்தாரோ, அவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்.

அங்கங்கே ஆட்கள் எழுந்தார்கள். காஜாக்கா அசையவில்லை. ரெண்டு பேரும் ஒரே வேண்டுதலைத்தானே வேண்டினோம், அதில் பாதியை மட்டும் அவர் எப்படிக் காதில் வாங்கினார் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"எந்திரிக்கா," என்றாள் பொத்தான்காரி.

"என்னால முடியல."

"நீ உக்காந்திருந்தா எம்புள்ள வந்துடுவானா? உம்மவனுக்கும் சேத்துத்தான் நான் வேண்டுனேன். அது வீணாப்போகலன்னு நான் பாக்கணும்."

காஜாக்கா எழுந்தாள். பொத்தான்காரி அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பாட்டை எடுத்தபோது காஜாக்காவின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் நடந்ததைச் சொன்னாள். திரும்பி வந்த நாளிலிருந்து போரைப் பற்றி அவன் வாயே திறந்ததில்லை. மறுநாள் காலையில் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "அத்தை வீட்டுக்குப் போயிட்டு வரேம்மா" என்று கிளம்பினான். பொத்தான்காரியின் மகனும் அவனும் கடைசிவரை ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள்.

மத்தியானம் தாண்டித்தான் வந்தான். கண் சிவந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று காஜாக்கா கேட்கவில்லை.

அடுத்த நாள் தொழிற்சாலையில் பொத்தான்காரி ஊசியில் நூல் கோத்தபடியே, "அவன் கடைசி வரைக்கும் தனியா இல்லையாம்க்கா. உம்மவன் மடியிலதான் இருந்தானாம்," என்றாள்.

அன்று மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன், காஜாக்கா முதல்முறையாக வாய்விட்டு நன்றி சொன்னாள்.